இரண்டு பேர் சொன்னால் சரி

பெட்டியக்காவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பழைய வேலையில். கல்யாணமான புதிதில் அவள் அட்டைப்பெட்டி ஆலையில் இருந்தாள். தட்டையாக வரும் அட்டையை மடித்து, விளிம்பைச் சொருகி, பெட்டியாக நிமிர்த்தி அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். உள்ளே என்ன போகிறது என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது. கடல் தாண்டிப் போகிறது என்பது மட்டும் தெரியும். பிறகு, தாண்டிப் போகிற முறை ஆலைக்கே வந்தது. இன்னும் மலிவான கைகள் வேறொரு நாட்டில் கிடைத்துவிட்டதாம். இயந்திரங்களைக் கழற்றி, துணி சுற்றி, லாரியில் ஏற்றினார்கள். திருகுகளும் சில்லறைப் பாகங்களும் போவதற்கான பெட்டிகளை அவள்தான் மடித்துக் கொடுத்தாள். "நம்ம சோத்தை நாமளே கட்டி அனுப்புறோம்டி" என்று பக்கத்து மேசைக்காரி சொல்ல, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடுத்த மாதம் சிரிப்பு வரவில்லை.

இப்போதும் பெட்டிதான். ஆனால் அட்டை கிடையாது. கணினித் திரையில் ஒரு படம் வரும். படத்தில் இருக்கிற நாற்காலியைச் சுற்றி, விளிம்பை ஒட்டினாற்போல் ஒரு கோட்டுப் பெட்டி இழுக்க வேண்டும். 'நாற்காலி' என்று பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து மேசை, அடுத்து விளக்கு. கடைசியில் அந்த இடத்துக்கே ஒரு பெயர் கொடுக்க வேண்டும்: சமையலறை, குளியலறை, கடை, அலுவலகம். எங்கோ ஒரு தேசத்தில் ஒரு கம்பெனி ஓர் இயந்திரத்துக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. பார்க்கக் கற்றுக்கொடுக்கிற வேலை மட்டும் டயர் கடைக்கு மேல் மாடியில் நடக்கிறது. திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாதென்று அந்த அறையின் ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே மின்விசிறிகள் சுற்றும், சுட்டிகள் டிக் டிக் என்று தட்டும், பேச்சும் ஓயாது.

அந்த இயந்திரத்தை அவர்கள் 'பிள்ளை' என்றார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை. நாய் எது, பூனை எது என்று ஊட்டி ஊட்டிச் சொல்லிக்கொடுத்தாலும் மறுநாள் நாற்காலியைப் பார்த்து ஆடு என்னும். "நல்ல சத்தான சாப்பாடு சாப்பிடுற பிள்ளைதான், மூளைதான் கொஞ்சம் மெதுவா வேலை செய்யுது" என்பார் டீச்சர். அவர் உண்மையிலேயே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். பள்ளியை மூடியபின் இங்கே வந்து சேர்ந்தார். அறையிலேயே வயதில் மூத்தவர்.

பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கச் சில விதிகள் உண்டு. கண்ணாடியில் தெரியும் பிம்பத்துக்குப் பெட்டி போடக் கூடாது. நிழலுக்குப் பெட்டி போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: ஒரு படம் தனித்தனியாக மூன்று பேருக்குப் போகும். மூவரில் இருவர் ஒரே பதில் சொன்னால் அதுதான் சரி. மாற்றிச் சொன்னவருக்கு மார்க் இறங்கும். மார்க் ஒரு கோட்டுக்குக் கீழே போனால் யாரும் கூப்பிட்டுத் திட்ட மாட்டார்கள். காலையில் வந்து உட்கார்ந்தால் கணினி உள்ளே விடாது, அவ்வளவுதான். மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் மட்டும் படம் பெட்டியக்காவிடம் வரும். அவள் சொல்வதே தீர்ப்பு. அதற்காகவே அவளை அந்த அறைக்குத் தலைவியாகப் போட்டிருந்தார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதல் நாளே ஒரு பாடம் எடுப்பாள்.

"படத்துல என்ன இருக்குன்னு ரொம்ப பாக்காத. மத்த ரெண்டு பேரு என்ன சொல்லுவாங்கன்னு பாரு. அதைச் சொல்லு. பொழைச்சுக்குவ."

இந்தப் பாடம் மண்டையில் ஏறாத ஒரே ஆள் அவளுடைய நாத்தனார் சின்னி.

சின்னி பெட்டியக்காவின் கணவனுக்குத் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் அடி உதை எதுவும் கிடையாது. அவள் புருஷன் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டுப் போட்டுக்கொண்டு போவான். கேட்டால், "ஊர் கெட்டுக் கிடக்கு, உன் நல்லதுக்குத்தான்" என்பான். ஒருநாள் பூட்டு சரியாக விழவில்லை. சின்னி ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு என்றால் ஒரே அறை. கட்டில் ஒன்று. அதை இரவில் விரித்து, பகலில் சுவரோடு நிமிர்த்தி வைப்பார்கள். ஏற்கெனவே மூன்று பேர் இருந்த இடத்தில் நாலாவது ஆளுக்குப் பாய் விரிக்க, அலமாரியைக் குறுக்கே திருப்பி வைத்தார்கள். குடும்பத்துக்கு மூத்த அண்ணன் ஒருவர் உண்டு. போனில்தான் பேசுவார், ஆனால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் சொன்னது இது: "சம்பாதிச்சுக் குடுக்கற வரைக்கும் இருக்கட்டும். இல்லேன்னா நானே கூட்டிட்டுப் போய் மாப்பிள்ளை வீட்டுல விட்டுட்டு வரேன். கட்டிக்கொடுத்த பொண்ணை இன்னொரு தடவை உக்கார வெச்சுச் சோறு போட யாரால முடியும்?"

ஆக, சின்னிக்கு இந்த வேலை கைவிட்டுப் போனால் அந்தப் பூட்டுதான். அதனால்தான் பெட்டியக்கா அவளைத் தன் பொறுப்பில் சேர்த்தாள். அதனால்தான் அவளுடைய மார்க்கைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அது எப்போதும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, தண்ணீரில் மூழ்கப் போகிறவனின் மூக்கு மாதிரி நின்றது. சின்னிக்குக் கை வேகமில்லை என்று சொல்ல முடியாது. பார்ப்பதை நிறுத்தமாட்டாள், அதுதான் சிக்கல். ஒரு படம் வந்தால் அதற்குள் குடியேறிவிடுவாள்.

"அண்ணி, இந்த வீட்டுல டீ ஆறிக் கிடக்கு பாருங்க. பாதி குடிச்சிட்டு எங்கயோ எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"கோப்பைக்குப் பெட்டி போட்டியா?"

"போட்டேன்."

"அப்ப அடுத்ததுக்குப் போ. ஆறுன டீயை நீயா குடிக்கப் போற?"

பெரிய வீடுகளின் படத் தொகுப்பு ஒன்று வந்தது இப்படி ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான். வீடு விற்கிறவர்கள், வீட்டுக்குக் காப்பீடு போடுகிறவர்கள் யாருக்கோ பிள்ளை உதவப் போகிறதாம். படத்தைக் காட்டினால் எந்த அறை என்று சொல்ல வேண்டுமாம். முதல் நாள் அறை முழுக்க வாய் பிளந்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. ஒரு படத்தில் சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டுக்குத் தட்டு தனி விளக்கு. செருப்புகள் ஜோடி ஜோடியாக, எல்லாம் ஒரே பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு. கம்பியில் வரிசையாகக் கோட்டுகள். நடுவில் கண்ணாடி மேசை, அதற்குள் கைக்கடிகாரங்கள். உட்கார்ந்து போட்டுப் பார்க்க மெத்தை வைத்த ஆசனம்.

"கடை" என்றது அறை.

சின்னி மட்டும் சுட்டியில் கையை வைத்தபடியே இருந்தாள். "அண்ணி, பில் போடற எடம் எங்க இருக்கு?"

பெட்டியக்கா எட்டிப் பார்த்தாள். "ஓரமா எங்கயாவது இருக்கும். படத்துல வந்திருக்காது."

"எல்லாமே ஒரே அளவுச் செருப்பா இருக்கு. கடைன்னா சின்ன அளவு, பெரிய அளவுன்னு இருக்காதா?"

"அந்தக் காலுக்குன்னே கடை வெச்சிருப்பான். உனக்கெதுக்கு ஊர் வம்பு? கடை. போடு."

சின்னி போட்டாள்.

இன்னொரு படத்தில் சின்னக் கட்டில். மேலே பூப்போட்ட விரிப்பு, பக்கத்தில் கூடை நிறையப் பொம்மை, கட்டிலில் ஏற மூன்று குட்டிப் படிகள், சுவரில் வானவில். 'குழந்தை அறை' என்று எல்லோரும் சொன்னார்கள். டீச்சர் மட்டும், "குழந்தை கொடுத்து வெச்சது" என்று பெருமூச்சு விட்டார். இன்னொன்றில் பெரிய கூடம். தரை பளபளத்தது. கூடத்தின் நடுவே ஒரே ஒரு நாற்காலி, சுவரில் ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்ததும் அறையில் சத்தம் கொஞ்சம் அடங்கியது. சாமான் எல்லாம் போய், கடைசி நாற்காலியை எடுக்க லாரிக்காரன் திரும்பி வருவதற்குள் எடுத்த படம் என்றே எல்லோருக்கும் பட்டது. அந்த அறையில் இருந்தவர்களில் பலருக்கு அப்படிப்பட்ட ஒரு கூடம் ஞாபகத்தில் உண்டு. பட்டியலில் 'காலி செய்யப்பட்ட வீடு' என்று ஓர் இடம் இருந்தது. மூன்று பேரும் அதையே அழுத்தினார்கள். "பாவம்" என்று யாரோ சொன்னது பெட்டியக்காவுக்குக் கேட்டது.

பிள்ளை எல்லாவற்றையும் அப்படியே கற்றுக்கொண்டது.

சில வாரங்கள் கழித்து மேனேஜர் வந்தார். அவர் பெட்டியக்காவைவிட வயதில் சின்னவர். அவளை அக்கா என்பார், அவள் அவரைச் சார் என்பாள். எப்போதும் படியிலேயே போன் பேசி முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்று போனைக் கையில் பிடித்தபடி, பேசாமல் வந்தார். அவளைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, கெட்ட சேதி. பெரிய வீட்டுத் தொகுப்புல நாம சொதப்பிட்டோம்."

"எதுல சார்?"

"எதுல இல்லேன்னு கேளுங்க. கடைன்னு போட்டீங்களே, அது கடையே இல்ல. ஒருத்தரு துணிமணி வெச்சுக்கற ரூம். ஒரே ஆளோடது. இயந்திரம் போய், உங்க வீட்டுக்குள்ள கடை நடக்குது, அனுமதி இருக்கான்னு கேட்டிருக்கு. அந்த ஆளு கொதிச்சுப் போயிட்டான்."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"குழந்தை அறைன்னு போட்டிருக்கீங்கல்ல, அது நாய் ரூம்."

"நாய்க்கா?"

"நாய்க்குத்தான். வயசான புருஷன் பொண்டாட்டி. குழந்தை கிடையாது. ரொம்ப நாளா வேணும்னு இருந்தவங்களாம். இயந்திரம் அவங்ககிட்ட, குழந்தை ரூமுக்கு ஜன்னல் கம்பி போடுங்கன்னு யோசனை சொல்லியிருக்கு. அந்தம்மா அழுதிருக்காங்க."

அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. அந்தக் கட்டிலையும் படிகளையும் நினைத்தாள். அந்தம்மா அந்த விரிப்பை யாருக்காக வாங்கி, யாருக்கு விரித்தாளோ.

"அப்ப அந்தக் காலி வீடு?" என்று கேட்டாள்.

"அது காலியே இல்ல அக்கா. ஒண்ணுமே இல்லாம வெச்சிருக்கறதுதான் அவங்களுக்கு அழகு. அந்த ஒரு நாற்காலி விலையில..." என்று ஆரம்பித்தவர், சொல்லாமல் கையை உதறினார். "மேல கேக்கறாங்க, இப்படிச் சொல்லிக்கொடுத்தது யாருன்னு. மூணு பேரோட பேரு வேணுமாம். மார்க் கம்மியா இருக்கற மூணு பேரா பாத்துக் குடுங்க. நாளைக்குள்ள. இல்லேன்னா மொத்த வேலையையும் வேற நாட்டுக்கு மாத்திடுவாங்க. அங்க இதைவிடக் கம்மிக்குச் செய்யறாங்களாம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் ஒரு மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னார். ஆனால் துணி சுற்றிய இயந்திரங்கள் லாரியேறுவதைப் பார்த்தவள் அவள். மார்க் குறைந்த மூவர் யார் யார் என்று திரையைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். முதல் பெயர் சின்னி.

சாயங்காலம் சின்னி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியக்கா தன் கணவனிடம் சொன்னாள். அவன் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் காவலாளி. கட்டிடம் புதுசு, உயரம், இரவில் பார்த்தால் இருட்டு. வீடுகளை வாங்கியவர்கள் எல்லோரும் வேறு வேறு தேசங்களில் இருந்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வந்து, சுவர் சுவராகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவன் கீழ்த்தளத்தைத் தாண்டி மேலே போனதில்லை. போகவும் கூடாது.

"நாய்க்கு ரூமா? என்ன நாயாம்?" என்று கேட்டான்.

"இப்ப அதுவா முக்கியம்? சின்னி பேரைக் குடுக்கணும்ங்கறாரு."

அவன் நாற்காலியில் முதுகை மெல்லச் சாய்த்தான். முதுகுவலி அவனுக்கு வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி. அதைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டான். "அண்ணனுக்குத் தெரிஞ்சா மறுநாளே பஸ் ஏத்திடுவாரு" என்றான். பிறகு, "நீ உன் பேரைக் குடுத்துடாதே" என்றான்.

அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். கடை என்று போடச் சொன்னது யார்? பார்க்காதே, மற்றவர் சொல்வதைச் சொல் என்று முதல் நாளே காதில் ஓதியது யார்? மகள், பத்தாவது படிப்பவள், அலமாரிக்கு அந்தப் பக்கம் பாயில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுகிற சத்தம் நின்றிருந்ததால், அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

மறுநாள் படிக்கட்டில் பெட்டியக்கா மேனேஜரிடம் சொன்னாள். "பேரு எதுவும் இல்ல சார். எல்லாரும்தான் கடைன்னோம். நான்தான் போடச் சொன்னேன்."

"அப்ப உங்க பேரை எழுதட்டுமா?"

"எழுதுங்க. ஆனா மூணு பேரு கேக்கறாங்களே, மீதி ரெண்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். "அக்கா, எனக்கும் மேல ஒருத்தர் இருக்காரு. அவருக்கும் மேல ஒருத்தர். எல்லாருக்கும் ஒரு பேரு வேணும், அவ்வளவுதான்."

"சார், நீங்க அந்த மாதிரி ரூமைப் பாத்திருக்கீங்களா?"

"எதை?"

"செருப்புக்கு லைட் போட்ட ரூமை."

மேனேஜர் படியைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

"நாங்களும் பாக்கல. பாக்காததை எப்படிச் சொல்லுவோம்? இதெல்லாம் இன்ன ரூம் இன்ன ரூம்னு ஒரு தடவை காட்டச் சொல்லுங்க. படிச்சுக்கறோம். அப்புறம் பரீட்சை வைக்கட்டும். அதுல தேறலேன்னா அனுப்பட்டும். யாரா இருந்தாலும்."

கடைசி வார்த்தையைச் சொன்னபிறகுதான் அதன் கனம் அவளுக்குத் தெரிந்தது. சின்னிக்கும் சேர்த்து அல்லவா சொல்லிவிட்டாள்.

மேலே இருந்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள். புதிதாக ஆள் சேர்த்துப் பழக்குவதைவிட இது மலிவு என்று தோன்றியிருக்கலாம். ஒரு வழிகாட்டி வந்தது, படங்களோடு. பணக்காரர்களின் வீட்டை அறை அறையாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். டீச்சர் பழைய பழக்கத்தில் எழுந்து நின்று பாடம் நடத்தினார்.

"கவனிங்க. இது மது பாட்டில் வைக்கிற அறை. இது உடற்பயிற்சி பண்ற அறை. இது ரெண்டாவது சமையலறை."

"முதல் சமையலறை எதுக்கு டீச்சர்?"

"அது காட்டறதுக்கு. இது சமைக்கறதுக்கு. புகை, வாசனை எல்லாம் இங்கயே நின்னுடணுமாம்."

"அப்ப சமைக்கிறவங்க?"

"அவங்களும் இங்கயே நின்னுடணும்" என்றார் டீச்சர். அறை சிரித்தது.

"மழையில நனைஞ்சு வந்தா செருப்பைக் கழட்டற அறை இது. இது பரிசுப் பொருளுக்குக் காகிதம் சுத்தற அறை."

"சுத்தறதுக்கு மட்டுமா?"

"சுத்தறதுக்கு மட்டும். பிரிக்கிற அறை அடுத்த பக்கத்துல இருந்தாலும் இருக்கும்."

சின்னிக்கு இது பிடித்துப்போனது. பார்க்காதே என்று யாரும் சொல்லாமல், பார், நன்றாகப் பார் என்று சொன்ன முதல் தடவை இது. வீட்டில் சமைத்துக்கொண்டே மகளிடம் ஒப்பிப்பாள். மகள் கேள்வி கேட்பாள்: "கூடத்துல ஒரு நாற்காலி மட்டும் இருந்தா?" "வசதியான வீடு." "ஒரு நாற்காலிகூட இல்லேன்னா?" "ரொம்ப வசதியான வீடு." இருவரும் சிரிப்பார்கள். பெட்டியக்கா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

வழிகாட்டியின் கடைசிப் பக்கத்தில் படமில்லாமல் சில வரிகள் இருந்தன. அதில் ஒன்று: 'ஒரே அறையில் பலவகைச் சாமான்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தால், அது சாமான் அறை.' அதையும் டீச்சர் சத்தமாக வாசித்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தாண்டிப் போனார்கள்.

பரீட்சை நாளில் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். இதில் மூவரில் இருவர் என்ற விதி கிடையாது. பதில் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, பொருந்த வேண்டும். ஒன்றிரண்டு தப்பினால் கோட்டுக்குக் கீழே. மேனேஜர் மூலையில் நின்றார். பேசக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் தேற வேண்டும் என்ற கவலை அவருக்கும் இருந்தது. செருப்பு அறை வந்தது, நாய் அறை வந்தது. சின்னியின் கை நிற்காமல் ஓடியது. பெட்டியக்கா தன் பரீட்சையை எழுதிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். மனசு கொஞ்சம் நிமிர்ந்தது.

கடைசிப் படம் வந்ததும் அந்த டிக் டிக் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

ஓர் அறை. சுவரோடு நிமிர்த்தி வைத்த கட்டில். பலகையில் அடுப்பு, அடுப்புக்கு மேலே கொடியில் துணி. குறுக்கே திருப்பி வைத்த அலமாரி. ஆணியில் பள்ளிக்கூடப் பை. வாளி, மூட்டை, தேதி கிழிக்காத நாட்காட்டி. ஈரம் காய்வதற்காகக் காகிதம் திணித்த குழந்தையின் காலணிகள். ஆள் யாரும் இல்லை. படம் எடுப்பவருக்கு வழிவிட்டு யாரோ ஒதுங்கி நின்றிருக்க வேண்டும். தரையில் நிழல் மட்டும் நீண்டு விழுந்திருந்தது.

நிழலுக்குப் பெட்டி போடக் கூடாது.

பெட்டியக்கா பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். சமையலறை. கட்டில் இருக்கிறதே? படுக்கையறை. அடுப்பு இருக்கிறதே? இரண்டு சமையலறைக்குப் பெயர் இருந்தது. காகிதம் சுற்றும் அறைக்குப் பெயர் இருந்தது. இது முழுசுக்கும் சேர்த்து ஒரு பெயர் அதில் இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம், அதில் எதையாவது தட்டச்சு செய்யலாம். ஆனால் பதில் என்னவென்று அவளுக்குத் தெரியும். கடைசிப் பக்கத்து வரி அது.

சின்னி திரும்பினாள். "அண்ணி." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இதுக்கு என்ன போடறது?"

அறையில் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். மேனேஜரும்தான். பெட்டியக்கா அந்தப் பூட்டை நினைத்தாள். அது எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்தது.

"சாமான் அறை" என்றாள். "போடு."

டிக் என்று ஒரு சத்தம். அப்புறம் அறை முழுக்க.

எல்லோரும் தேறினார்கள். மேனேஜர் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். மேலே ரொம்பத் திருப்தி என்றும், இனி நடுநடுவே பதில் தெரிந்த படங்களும் கலந்து வரும், எது என்று நமக்குத் தெரியாது, அதனால் எப்போதும் இதே கவனத்தோடு இருங்கள் என்றும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் சின்னி பையை ஆணியில் மாட்டினாள். "சாமான் அறைக்கு வந்தாச்சு" என்றாள். பெட்டியக்காவின் கணவன் என்னவென்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்ப நான் சாமானா? பழைய சாமான். எடைக்குப் போட்டாக்கூட எடுக்க மாட்டான்."

"அம்மா, சாமான் அறையில சாப்பாடு ரெடியா?" என்றாள் மகள்.

"வாயை மூடு" என்றாள் பெட்டியக்கா.

அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. மகளின் முகம் சுருங்கியது. "அத்தைதானே முதல்ல சொன்னாங்க."

"யார் சொன்னாலும். இது வீடு."

கணவன் எழுந்து கட்டிலை விரித்தான். இன்னும் விரிக்கிற நேரம் ஆகவில்லை. பெட்டியக்கா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து சின்னி பக்கத்தில் வந்து நின்று, பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே நான் 'மற்றவை'யில வீடுன்னு அடிச்சிட்டேன். அடிச்சிட்டுப் பயந்து அழிச்சிட்டேன்."

பெட்டியக்கா கொதிக்கிறதைப் பார்த்துக்கொண்டே, "நானும்தான்" என்றாள்.

"நெசமாவா?" சின்னி துடைப்பதை நிறுத்தினாள். "அப்ப நாம ரெண்டு பேரு. ரெண்டு பேரு சொன்னா சரிதானே?"

"பரீட்சையில அந்த விதி கிடையாது."

சின்னி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை கணினி எல்லோரையும் உள்ளே விட்டது. புதுத் தொகுப்பு காத்திருந்தது. பெரிய வீடுகள் முடிந்துவிட்டன போலிருக்கிறது. இப்போது வந்ததெல்லாம் நேற்றுக் கடைசியாக வந்த படத்தின் அண்ணன் தம்பிகள். நிமிர்த்திய கட்டில், பலகை அடுப்பு, கொடித் துணி. எங்கே எடுத்தவை, எதற்காக என்று யாரும் சொல்லவில்லை. ஏதோ தெருக்களை அளக்கிறார்களாம், எந்தக் கட்டிடத்தில் ஆள் இருக்கிறது, எதில் வெறும் சாமான் இருக்கிறது என்று பார்க்கிறார்களாம். மேனேஜருக்கும் அவ்வளவுதான் தெரிந்தது. தன் கணவன் காவல் காக்கும் அந்த இருட்டுக் கட்டிடத்தைப் பிள்ளையிடம் காட்டினால் என்ன சொல்லும் என்று பெட்டியக்காவுக்குத் தோன்றியது. அறைக்கு அறை பெயர் சொல்லும். கூடம் என்னும், நாய் அறை என்னும். இவர்கள் தெருவைக் காட்டினால், இங்கே யாரும் இல்லை என்றுகூடச் சொல்லலாம். சொல்லிக்கொடுத்ததைத்தானே அது சொல்லும்.

இது பரீட்சை இல்லை. இதில் பழைய விதிதான், மூவரில் இருவர். ஆனால் நடுவே கலந்து வரும், பதில் தெரிந்த படங்கள் எவை என்று தெரியாது. அவற்றில் வீடு என்று அடித்தால் மார்க் இறங்கும்.

சின்னி திரும்பிப் பார்த்தாள். கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். டீச்சரும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெட்டியக்காவின் திரையில் ஓர் ஓரமாக எல்லோருடைய மார்க்கும் வரிசையாகத் தெரிந்தது. சின்னியுடையது கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, அதே இடத்தில் நின்றது.

"நேத்து போட்டதையே போடுங்க" என்றாள் பெட்டியக்கா. "சாமான் அறைன்னு."

சின்னி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அறையில் டிக் டிக் தொடங்கியது. பெட்டியக்கா தன் முன்னால் இருந்த படத்தில் ஆணியில் தொங்கிய பள்ளிக்கூடப் பையைச் சுற்றி ஒரு பெட்டி இழுத்தாள். வாருக்கு மேலே மயிரிழை, அடிக்குக் கீழே மயிரிழை, அதற்கு மேல் இடைவெளி இல்லாமல். அவ்வளவு நுணுக்கம் யாரும் கேட்கவில்லை. 'பை' என்று பெயர் கொடுத்தாள். பக்கத்திலேயே தரையில் ஒரு நிழல் விழுந்திருந்தது. அதைத் தொடாமல் கீழே போய், அந்த இடத்துக்கான பெயரை அழுத்தினாள்.